தானே நகரும் அடைப்பு

குழாய்க்குள் இறங்குகிறவனுடைய கயிற்றை அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும். கடல்குழாயில் அப்படி ஒரு வழக்கம். பங்காளி பிடிக்கக் கூடாது, அவன் கை வழுக்கும் என்பார்கள். சிநேகிதன் பிடிக்கக் கூடாது, பேச்சுத்துணை கிடைத்தால் அவனுக்குக் கயிறு மறந்துபோகும். பெண்டாட்டியோடு பிறந்தவன் பிடித்தால் மட்டும், கயிற்றின் அந்த முனையில் தொங்குவது அவன் தங்கச்சி தாலி. கண்ணை மூட மாட்டான்.

பூதேரி நிலையத்தில் இருசப்பன் இறங்குவான், அவன் மச்சான் ஏகாம்பரம் கயிறு பிடிப்பான். எத்தனை தடவை இறங்கினான் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. எண்ணவும் முடியாது. அரசாங்கக் கணக்கில் அந்தக் குழாய்க்குள் இதுவரை ஒரு மனிதனும் இறங்கியதில்லை.

கடல்குழாய் என்றால், மேற்கே தோல் பதனிடுகிற ஊர்களின் கழிவுத் தண்ணீரையெல்லாம் வாரிக் கிழக்கே கடலில் கொண்டுபோய்க் கொட்டுகிற குழாய். ஆறு செத்த பிறகு, சாகடித்தவர்களே கூடிப் போட்டது. ஆள் குனிந்து நடக்கிற அகலம். சுண்ணாம்பும் ஆட்டுமுடியும் தோலில் சுரண்டிய கொழுப்பும் போகப் போக, மூன்றும் சேர்ந்து உள்ளே கல்லாக இறுகும். அடைக்கும். முன்பெல்லாம் எந்த இடத்தில் அடைத்தது என்று தெரியாது. குழாயை நிறுத்தி, பொக்லைனைக் கொண்டுவந்து, இங்கே இல்லை அங்கே, அங்கே இல்லை இங்கே என்று பூமியைத் தோண்டுவார்கள். அதுவரைக்கும் தோல் ஷெட்டுகள் மூடிக் கிடக்கும்.

அதற்குத்தான் காதன் வந்தது.

பெட்டியின் மேல் வேறு என்னவோ பெயர் எழுதியிருந்தது. காதன் என்பது கூலிக்காரர்கள் வைத்தது. பம்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அது குழாய்த் தண்ணீரை ஒரு தட்டுத் தட்டும். அந்த அதிர்வு தண்ணீருக்குள்ளேயே ஓடும். வழியில் எதன் மேலாவது மோதினால் திரும்பி வரும். திரும்பி வருவதைக் காதன் கேட்கும். எவ்வளவு நேரத்தில் வந்தது, எந்த மாதிரி வந்தது என்பதை வைத்து, இன்ன இடத்தில், இவ்வளவு பெரிசில், இன்ன சரக்கு அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடும்.

"இதுல இன்னா அதிசயம்?" என்பான் இருசப்பன். "எங்க நைனா தர்பூசணி வாங்கும்போது இதான் பண்ணுவாரு. தட்டுவாரு, காதை வெப்பாரு, வேணாம்பாரு."

திறப்பு விழாவில் ஒரு பெரிய மனிதர், இனி ஒரு மனிதனும் குழாய்க்குள் இறங்க வேண்டியதில்லை என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஏகாம்பரமும் தட்டினான். நடந்தது தலைகீழ். இடம் தெரியாதவரைக்கும் மண்ணைத் தோண்டினார்கள். இடம் கச்சிதமாகத் தெரிந்த பிறகு குழாயை நிறுத்துவானேன், தோண்டுவானேன்? ஓர் ஆளை உள்ளே விட்டால் தீர்ந்தது. பம்ப்பின் வேகத்தைத் தணித்து, மூடியைத் திறந்து, ஆளுக்கு முகமூடியும் காற்று டியூபும் மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி, நிறைந்து கிடக்கிற அந்தத் தண்ணீருக்குள்ளேயே இறக்கினார்கள். உளியும் சுத்தியலும் கொண்டு கட்டியை உடைத்துவிட்டு வருவான். குழாயும் நிற்காது, தோல் ஷெட்டும் நிற்காது.

இதில் பயம் ஒன்றே ஒன்றுதான். அடைப்பு இளசாக இருந்தால் காதன் யாரையும் கேட்காது. தானே பம்ப்பை முழு வேகத்துக்கு முடுக்கி ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். ஆள் உள்ளே இருக்கும்போது அதை நிறுத்தி வைக்கலாமே என்றால், நிறுத்தின உடனே தலைமை ஆபீசில் மணி அடிக்கும். ஏன் நிறுத்தினாய் என்பார்கள். ஆளே இறங்காத குழாய்க்கு என்ன காரணம் சொல்வது?

ஆனால் ஆள் உள்ளே இருக்கும்போது காதன் ஒரு தடவைகூடத் தள்ளியதில்லை. எந்த நிலையத்திலும் இல்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் சாமி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆயுத பூஜைக்குக் காதனுக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள். மேஸ்திரி கோதண்டனே எலுமிச்சம்பழம் வாங்கிவந்து கட்டினார். "காதன் நம்மாளுப்பா. அதுக்கு உள்ள யாரு கீறாங்கன்னு தெரியும்," என்றார்.

*

அன்றைக்கு வெயில் ஏறிவிட்டது. மூடியைச் சுற்றி நிழலே இல்லை.

"மாப்ள, செத்த நேரம் சும்மா நில்லு. கயிறு கட்டணுமா வேணாமா?" என்றான் ஏகாம்பரம்.

"நின்னுக்கினுதானே கீறேன் மச்சான். நீ கட்டு."

"இதுக்குப் பேரு நிக்கறதா? கோழி புடிக்கற மாதிரி கீது."

"உன் தங்கச்சி கட்டிக்கின நாள்லேர்ந்து புடிக்கிறா. மாட்னேனா?"

இருசப்பன் அப்படித்தான். உடம்பு ஓர் இடத்தில் நிற்காது. சோறு தின்னும்போதுகூடத் தொடை ஆடும். கல்யாணப் படங்களில் எல்லாம் தேசம்மாவின் முகம் தெளிவாக இருக்கும், பக்கத்தில் மாப்பிள்ளை முகம் மட்டும் கலங்கியிருக்கும். தூக்கத்திலும் உதைப்பான் என்று தேசம்மா அண்ணன் பெண்டாட்டியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்த அண்ணி இப்போது உயிரோடு இல்லை.

"உளிய நேரா வையி. கட்டி மொத்தமா பேர்ந்து வந்தா பின்னால தள்ளிக்கோ. அவசரப்படாதே. கேக்குதா?"

"கேக்குது கேக்குது."

"என் பேச்ச நீ என்னிக்குக் கேட்டே?"

"கேக்கற மாதிரி நீ என்னிக்கு மச்சான் பேசினே?" என்று சொல்லிவிட்டு, முகமூடியை மாட்டுவதற்கு முன்னால் காதன் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டான். "வரேன் காதா. பாத்துக்கோ. மச்சானை நம்பல, உன்னத்தான் நம்பிக்கினு போறேன்."

இறங்கினான். பச்சைத் தண்ணீர் அவனை விழுங்கி மூடிக்கொண்டது. கயிறு மெல்ல ஓடியது, நின்றது. கொஞ்ச நேரத்தில் மூடியின் இரும்பு விளிம்பில் சுத்தியல் சத்தம் கேட்டது. குழாய்க்குள் அடிக்கிற அடி மேலே கோயில் மணி மாதிரி கேட்கும்.

கயிற்றுக்கு ஒரு பாஷை உண்டு. ஓர் இழுப்பு என்றால், இருக்கிறாயா? மூன்று என்றால், மேலே வா. இரண்டு என்றால், அசையாதே. மேலே அதிகாரி யாராவது வந்துவிட்டால்தான் இரண்டு. சுத்தியல் சத்தமும் மூச்சுக் குமிழியும் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா. இந்த இரண்டு இழுப்பை ஏகாம்பரம் அதுவரைக்கும் இழுத்ததே இல்லை. அந்தக் காட்டுக்கு எந்த அதிகாரி வந்தான்?

கோதண்டன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "யோவ் ஏகாம்பரம்! ஜீப்பு வருதுய்யா! லேபர் ஆபீசரு! எவன் சொன்னான்னு தெர்ல!"

ஏகாம்பரம் இரண்டு தடவை இழுத்தான்.

சுத்தியல் நின்றது. இழுத்த கையை எடுப்பதற்குள் நின்றது. ஏகாம்பரத்துக்கே ஆச்சரியமாகப் போயிற்று. கயிறும் டியூபும் போகிற அளவுக்குச் சந்து விட்டு மூடியை நகர்த்தி, மேலே தார்ப்பாயைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, கயிற்றைத் தொடைக்குக் கீழே விட்டு, டிபன் டப்பாவைத் திறந்தான்.

அதிகாரி இளவயசுக்காரர். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. சுற்றிப் பார்த்தார். காதன் மேல் இருந்த குங்குமப் பொட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த டியூப் எதுக்கு?"

"பெயிண்ட் அடிக்கறதுக்கு சார்," என்றார் கோதண்டன்.

அதிகாரி ஏகாம்பரத்தின் எதிரில் குந்தி உட்கார்ந்தார். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க. குழாய்க்குள்ள ஆள இறக்கறாங்கன்னு எனக்குத் தகவல் வந்துச்சு. உண்மையா?"

"இல்லீங்க சார்."

"பயப்படாதீங்க. உங்களுக்காகத்தான் நான் வந்திருக்கேன். யாராவது உங்கள இறங்கச் சொன்னா எனக்கு ஒரு போன் போடுங்க, போதும்."

"சரிங்க சார்."

தொடைக்குக் கீழே கயிறு சும்மா கிடந்தது. சோற்றை வாயில் வைத்தான். இறங்கவில்லை. அதிகாரி நல்ல மனுஷர் என்பது முகத்திலேயே தெரிந்தது. அதனால் சீக்கிரம் போகவும் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். கோதண்டனிடம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். கடைசியில் ஜீப் திரும்பி கேட்டைத் தாண்டியது. ஏகாம்பரம் எழுந்தான்.

அப்போது பம்ப் உறுமியது.

சாதாரண உறுமல் இல்லை. தரை நடுங்கியது. கயிறு பாம்பு மாதிரி சந்துக்குள் ஓடியது. இரண்டு கையாலும் பிடித்தான். உள்ளங்கைத் தோல் அதோடு போயிற்று. "நிறுத்து! பம்ப்ப நிறுத்துய்யா!" என்று கத்தினான். கோதண்டன் ஓடிப்போய் மெயினைப் பிடுங்குவதற்குள் கயிறு தளர்ந்துவிட்டது. இழுத்தான், இழுத்தான், லேசாக வந்தது. முதலில் டியூபின் முனையில் முகமூடி வந்தது. அப்புறம் சுண்ணாம்புக் கட்டியில் தேய்ந்து அறுந்த கயிற்றின் முனை.

*

அடுத்த நிலையத்துக் கம்பிச் சல்லடையில் இருசப்பன் கிடைத்தான். ஆனால் கோதண்டன் சொன்ன கதை வேறு. குடித்துவிட்டு வந்தான், வேலை கிடையாது போ என்றோம், போகிற வழியில் நிலையத்துக் கழிவுத் தொட்டியில் விழுந்துவிட்டான். பார்த்த ஆட்கள் என்று நான்கு பேரையும் தேடிப் பிடித்துவிட்டார். அறுந்த கயிறு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"நீ வாயத் தொறக்காதே," என்றார் ஏகாம்பரத்திடம். "தொறந்தா மொதல்ல கேள்வி உனக்குத்தான். ஆபீசர் மூஞ்சியப் பாத்து இல்லீங்க சார்னு சொன்னது யாரு? நானா?"

சாவு வீட்டில் பறை அடித்துக்கொண்டிருந்தது. தேசம்மா அழவில்லை. புருஷனின் வாய்க்குப் பக்கத்தில் குனிந்து முகர்ந்து பார்த்தாள். கூடி நின்ற பெண்கள் ஐயோ என்று அவளைப் பிடித்து இழுத்தார்கள்.

"உடுங்கடி. சாராய வாசன இல்ல. சுண்ணாம்பு வாசனதான் அடிக்குது," என்றாள். அப்புறம் அண்ணனைத் தேடிப் பார்த்தாள். "ண்ணா. நீதானே கயிறு புடிச்சே. இவங்களுக்குச் சொல்லு."

ஏகாம்பரம் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டத்தில் கோதண்டனும் நின்றார்.

காரியம் முடிந்த பிறகு தேசம்மாவே அவன் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அவரு போயிட்டாரு, நான் இன்னா பண்ணாலும் வரப்போறதில்ல. ஆனா குழாயடியில தண்ணி புடிக்கப் போனா, குடிச்சிட்டு உழுந்தவன் பொண்டாட்டின்றாளுங்க. பெரியவனப் பள்ளிக்கூடத்துல அப்படியே கூப்புடறானுங்களாம். வாயில ஒரு சொட்டு ஊத்தாத மனுசன். உள்ள கீறப்போ செத்தாருன்னு யாராச்சும் எழுதிக் குடுக்கணும்ண்ணா. அது போதும் எனக்கு."

"நான் சொன்னா எடுபடாது தேசு. அவங்களுக்குச் சாட்சி நாலு பேரு."

"அந்த மிசினு? ஊசி உழுந்தாகூடக் கேக்கும்னு பீத்திக்குவீங்களே ரெண்டு பேரும். அது கேட்டிருக்குமில்ல?"

*

காதனைப் பார்த்துக்கொள்கிற என்ஜினியர் ரிஸ்வானா. ஆம்பூர்ப் பெண். அவள் அப்பாவும் தோல் ஷெட்டில் வேலை செய்து நெஞ்சு கெட்டுச் செத்தவர். ஏகாம்பரம் போய் நின்றதும் கதவைச் சாத்தினாள்.

"நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்ணா. உக்காருங்க."

திரையில் ஒரு கோடு ஓடியது. மலையும் பள்ளமுமாக.

"இதுதான் காதன் கேட்டது. மேல எழும்பினா எதுலயோ மோதி வந்திருக்குன்னு அர்த்தம். தோ, இந்தப் பெரிய மேடு சுண்ணாம்புக் கட்டி. கெட்டியானதுல மோதினா இப்படி வெட்டின மாதிரி வரும். முடி, கொழுப்புன்னா மழுங்கலா வரும். இப்ப இதப் பாருங்க."

கட்டிக்கு முன்னால் ஒரு சின்ன மேடு. ரிஸ்வானா படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினாள். அந்த மேடு கொஞ்சம் முன்னே போயிற்று, கொஞ்சம் பின்னே வந்தது, நெளிந்தது, குதித்தது. ஏகாம்பரத்துக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"மாப்ள," என்றான்.

"ஆமா. கொஞ்சம் காத்து, மீதி சதை. காத்துல பட்டா அலை பள்ளமா திரும்பி வரும். தோ இந்தக் குட்டிப் பள்ளம் இருக்கில்ல, இது அவரோட நெஞ்சு." அவள் அந்தப் பள்ளத்தின் மேல் விரலை வைத்தாள். "இந்த மாதிரி ஒண்ண காதன் நிறைய தடவை கேட்டிருக்கு. எல்லா நிலையத்துலயும். வரும், கொஞ்ச நேரம் ஆடும், திரும்பிப் போயிடும். பாத்துப் பாத்து அதுவே தனியா ஒரு வகை போட்டு வச்சிருக்கு. பேரு என்ன தெரியுமா? தானே நகரும் அடைப்பு."

"அடைப்பா?"

"அதுக்குக் கத்துக்குடுத்த வார்த்தையில மனுஷன்னு ஒண்ணு இல்லண்ணா. குழாய்க்குள்ள மனுஷனே போறதில்லையே, எதுக்குக் கத்துத்தரணும்? தானே நகரும் அடைப்பு தானாவே போயிடும், அதத் தள்ள வேண்டாம், காத்திரு. இதுதான் அது கத்துக்கிட்டது. அதனாலதான் இத்தன நாள் யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"மேல இருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"போன வருஷமே காமிச்சேன். நல்லாத்தானே வேலை செய்யுது, அத ஏன் நோண்டறேன்னாங்க."

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. சந்தனமும் எலுமிச்சம்பழமும் வீணில்லை. சாமிக்கு நிஜமாகவே தெரிந்திருக்கிறது. என்னவென்றுதான் தெரியவில்லை.

"அப்போ அன்னிக்கு மட்டும் ஏம்மா தள்ளிச்சு?"

"அதான் எனக்கும் புரியல." அவள் படத்தை மெதுவாக நகர்த்தினாள். "இங்க வரைக்கும் அசையறாரு. நல்லாவே அசையறாரு, இவ்ளோ ஆடுற ஒருத்தர நான் பாத்ததே இல்ல. திடீர்னு இங்க நின்னுட்டாரு. அப்புறம் அசையவே இல்ல. காதன் தட்டிக்கிட்டே இருக்கு. அசையுதான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. ரொம்ப நேரம் பொறுத்துப் பாத்திருக்கு. அசையாதது எல்லாம் அதுக்கு அடைப்புதான். கடைசியில சாதாரண இளசு அடைப்புன்னு முடிவு பண்ணிடுச்சு. மயக்கமும் இல்ல, பாருங்க, நெஞ்சு ஏறி இறங்குது, அந்த அளவு காதனுக்கு அசைவுல சேராது. நல்லா நெனவோடதான் இருந்திருக்காரு. ஏண்ணா நின்னாரு? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

திரையில் அந்தச் சின்ன மேடு நேர்க்கோடாக, ஓர் ஆட்டம் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. தன் வாழ்நாளில் இருசப்பன் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததை ஏகாம்பரம் பார்த்ததில்லை. கட்டுக்குள் இரண்டு உள்ளங்கையும் எரிந்தன.

அவன் முகத்தைப் பார்த்து ரிஸ்வானாவுக்கு மெல்ல விளங்கியது. திரையை அணைத்தாள்.

"இத நான் விசாரணையில குடுக்கறேன்ணா. அவரு உள்ள இருந்தாருன்னு நிரூபிக்க இதுவே போதும். ஆனா ஏன் நின்னாருன்னு கேப்பாங்க. நீங்க வேணாம்னா குடுக்கல. யோசிச்சுச் சொல்லுங்க."

*

யோசிப்பதற்கு ஏகாம்பரம் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தங்கச்சி வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். காதன் கேட்டதை, தானே நகரும் அடைப்பை, ஜீப் வந்ததை, இரண்டு தடவை இழுத்ததை. எதையும் மிச்சம் வைக்கவில்லை.

தேசம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்னிக்குண்ணா அவரு உன் பேச்சைக் கேட்டாரு?" என்றாள். "கல்யாணத்துல உக்காருன்னே, உக்காரல. பைக்க மெதுவா ஓட்டுன்னே, ஓட்டல. சண்டை போடாதேன்னே, கேக்கல. ஒரு நாளு கேட்டாரு பாரு."

"என்னை அடி தேசு. நாலு வார்த்த திட்டிடு."

"திட்றதுக்கு எனக்கு இன்னா யோக்கியதை?" அவள் தலையை நிமிர்த்தவில்லை. "அந்த ஆபீசர வரச் சொன்னது நான்."

ஏகாம்பரம் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தான்.

"பயமா இருந்துச்சுண்ணா. ஒவ்வொரு தடவையும் அவரு போயிட்டு வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. சொன்னா சிரிப்பாரு. உன்கிட்ட சொன்னா, நான் புடிச்சிக்கினு கீறேன்ல, கம்முனு இருன்னுவே. அதான் போன் போட்டேன். பேரு சொல்லல. ஒரு ஆபீசரு வந்து சத்தம் போட்டா நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன். இன்னிக்கு இறக்கறாங்க சார், இப்ப வந்தீங்கன்னா கையோட புடிக்கலாம்னு நான்தான் சொன்னேன்."

தெருவில் யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள். முறத்தில் கோழி வந்து கொத்தியது. இரண்டு பேரும் விரட்டவில்லை.

அப்புறம் தேசம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தம்மாவ எல்லாத்தையும் குடுக்கச் சொல்லு. போன் போட்டது நானுன்னு எழுதிக்கட்டும். இழுத்தது நீயின்னு எழுதிக்கட்டும். ஆனா உள்ள அனுப்பினது யாருன்னும் எழுதச் சொல்லு. மூணையும் எழுதணும்."

*

விசாரணை நடந்தது. ரிஸ்வானா கோடுகளைப் போட்டுக் காட்டினாள். ஏகாம்பரம் இரண்டு இழுப்பைச் சொன்னான். தேசம்மா போனைச் சொன்னாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த அந்த இளவயசு அதிகாரி, ஏகாம்பரம் பேசும்போது ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். தான் தண்ணீர் வாங்கிக் குடித்த நேரம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் நிமிரவே இல்லை.

முடிவு வந்தது. இறந்தவர் குடித்திருக்கவில்லை, குழாய்க்குள்தான் இறந்தார் என்று இருந்தது. தேசம்மா கேட்டது அந்த அளவுக்குக் கிடைத்தது. மற்றதில், அதிகாரியை வரவழைத்தது மனைவி என்று எழுதியிருந்தது. அசையாதே என்று கயிற்றை இழுத்தது மைத்துனர் என்று எழுதியிருந்தது. இயந்திரம் தனக்குக் கற்றுக்கொடுத்தபடி சரியாக வேலை செய்தது என்று எழுதியிருந்தது. அனுப்பியது யார் என்ற இடத்தில், இறந்தவர் யாரும் சொல்லாமல் தாமே உள்ளே போனார் என்று இருந்தது.

தானே நகர்ந்து போயிருக்கிறான். காதனும் அதைத்தான் சொன்னது.

ரிஸ்வானாவைக் கடலோர நிலையத்துக்கு மாற்றினார்கள். தேசம்மாவுக்குப் பூதேரி நிலையத்திலேயே பெருக்கிற வேலை கொடுத்தார்கள், கருணை என்று சொல்லி. ஏகாம்பரத்துக்குத் தண்டனை ஒன்றும் இல்லை. கயிற்றை இழுத்து ஆளைக் கொன்றவன் இனிமேல் கயிறு பிடிக்கக் கூடாது என்றார் கோதண்டன். அதனால் அவனை இறங்கச் சொன்னார்.

மழைக்காலம் முடிந்து முதல் அடைப்பு விழுந்தது. காதன் இடத்தைச் சொல்லிவிட்டது. மூடியைத் திறந்தார்கள். கயிறு பிடிக்க ஏகாம்பரத்துக்கு மச்சான் கிடையாது. செத்துப்போன பெண்டாட்டி கூடப்பிறந்தவர்கள் இல்லாதவள். மற்ற ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தேசம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். கயிற்றை எடுத்து அண்ணன் இடுப்பில் கட்டினாள். "நான் புடிக்கிறேன். எவன் வந்தாலும் ரெண்டு தடவ இழுக்க மாட்டேன். கலெக்டரே வரட்டும். நீ ஆடிக்கினே இரு."

"அதுக்குத்தான்மா புதுசா ஒண்ணு குடுத்திருக்காங்க," என்று கோதண்டன் ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். சோப்பு டப்பா அளவு. வார் வைத்திருந்தது. பொத்தானை அழுத்தினதும் பிடித்த மீன் மாதிரி கையில் துடித்தது. "இத நெஞ்சுல கட்டிக்க. நீ அசையலன்னாலும் இது அசைஞ்சுக்கினே இருக்கும். காதன் தள்ளாது. ஆபீசர் வந்தா நீ பாட்டுக்குக் கம்முனு கெடக்கலாம். எவ்ளோ நேரம் வேணும்னாலும்."

ஏகாம்பரம் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"உள்ள நான் செத்துட்டா?"

"யோவ், நல்ல வார்த்த பேசுய்யா."

"இல்ல, கேக்கறேன். செத்துட்டா இது நின்னுடுமா?"

"அது எப்படி நிக்கும்? அது பாட்டுக்கு ஆடும்."

"இது ஆடற வரைக்கும் காதன் தள்ளாது."

"தள்ளாது."

"பம்ப்பு வேகம் எடுக்காது. தோல் ஷெட்டுத் தண்ணி போவாது. மேல எல்லாம் நின்னுக்கினு கிடக்கும்."

கோதண்டன் அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தார்.

ஏகாம்பரம் பெட்டியை நெஞ்சில் வைத்து வாரை இழுத்து முடிச்சுப் போட்டான். அது போதாதென்று தங்கச்சியிடம் காட்டி இன்னொரு முடிச்சுப் போடச் சொன்னான். தேசம்மா போட்டாள். பல்லால் கடித்து இறுக்கினாள். துடிப்பு அவன் எலும்பு வரைக்கும் போயிற்று.

"அப்பவாச்சும் உள்ள ஒரு மனுசன் கீறான்னு தேடிக்கினு வருவாங்க," என்றான். முகமூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, இறங்குவதற்கு முன்னால் திரும்பினான்.

"மேஸ்திரி, இதுல பேட்டரி எத்தினி நாளைக்கு வரும்?"